சாந்தா சபீனாவின் பின்னல் கற்கள்

ரோமாபுரியில் அவெந்தினோ குன்றின் மேல் சாந்தா சபீனா என்ற தேவாலயம் உள்ளது. கட்டிய காலம் கி.பி. 422–432. அதன் நடுவே பாடகர் குழுவுக்கான பளிங்குத் தடுப்பு ஒன்று. அதன் பலகைகள் பாப்பரசர் இரண்டாம் யூஜின் காலத்தவை (824–827). பட்டைகளும் வட்டங்களும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வெளிவரும். சிலுவையும் உண்டு, மனித உருவத்துக்கு முதன்மை இல்லை.

‘உருவம் செதுக்கத் தெரியாமல் போன காலத்து வேலை’ என்று சிலர் ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள். 568இல் இத்தாலிக்குள் புகுந்த லொம்பார்தியர் கொண்டுவந்த சரக்கு என்பது இன்னொரு கட்சி. லொம்பார்தியர் உலோக வேலையில் பின்னலை விரும்பியது மெய்தான். ஆனால் அவர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே ரோமானியரின் சில்லுத் தரைகளில் பின்னல் கரை உண்டு. ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதே என்பதைத்தான் எங்கள் சமணத்தில் அநேகாந்தம் என்போம்.

இனி வேலையைப் பார்ப்போம். ஒரு பட்டையில் இரண்டு கோடு கீறினால் மூன்று இழையாகிறது. அது ஒரு சந்திப்பில் மேலே போனால் அடுத்ததில் கீழே போகணும். ஓரிடத்தில் தவறினால் முறையே குலையும். பேரேட்டில் ஒரு பதிவு தப்பினால் ஐந்தொகை இடிக்கும் என்பது வியாபாரிக்குத் தெரியும். கணக்கை முடித்த பிறகே உளி இறங்கியிருக்க வேண்டும். இதைத் திறமைக் குறைவு என்று எப்படிச் சொல்வது?

குறையும் சொல்லணும். செதுக்கு ஆழமில்லை, நிழல் குறைவு, தூரத்தில் நின்றால் தட்டையாகத் தெரியும். அமைப்பும் பழையபடி இல்லை. 1587இல் தோமெனிக்கோ ஃபொந்தானா தடுப்பைப் பிரித்துவிட்டார். 20ஆம் நூற்றாண்டில் அந்தோனியோ முன்யோஸ் கிடைத்த துண்டுகளைச் சேர்த்து நிறுத்தினார். ஆகவே பலகையின் நயத்தைப் பழைய சிற்பிக்கு எழுதலாம். வரிசையை அவர் கணக்கில் ஏற்றக் கூடாது.

படத்தைப் பார்த்ததும் நம் வீட்டுப் பெண்கள் ‘சிக்குக் கோலம் மாதிரியே இருக்கே!’ என்பார்கள். சாயல் உண்டு. அதை வைத்து அங்கிருந்து இங்கே வந்தது, இங்கிருந்து அங்கே போனது என்று எழுதினால் ஆராய்ச்சி ஆகாது. ஆனால் கோலம் போட்டுப் பழகிய கண்ணுக்கு ஒரு வசதி: இழை எங்கே புறப்பட்டு எங்கே சேருகிறது என்று தேடும். இக்கற்களை அப்படித்தான் பார்க்கணும். உருவம் இருந்தால்தான் கலை என்ற அளவுகோலை ஓரமாக வைத்துவிட்டு, ஒரே ஓர் இழையை முடிவுவரை தொடர்ந்து பாருங்கள்.