சேதி உள்ளே, ஆள் வெளியே

பயிற்சி வகுப்பில் ஒரு கரும்பலகை. அதில் ஒரு கட்டம், ஒரு அம்புக்குறி, இன்னொரு கட்டம். முதல் கட்டத்தில் ‘அனுப்புபவர்’. இரண்டாவதில் ‘பெறுபவர்’. அம்பின் மேல் ‘செய்தி’. கீழே ‘தடைகள்’ என்று தலைப்புப் போட்டு ஐந்து எழுதினார் பயிற்சியாளர்: இரைச்சல், மொழி, தூரம், மனநிலை, கவனமின்மை. எல்லாரும் நோட்டில் வரைந்துகொண்டோம். நானும் வரைந்தேன். வரைந்து முடித்துவிட்டு அதில் எங்க தாத்தாவைத் தேடினேன். எந்தக் கட்டத்திலும் அவர் இல்லை.

உத்திரமேரூர் பக்கத்துச் சேரி ஒன்றில் பிறந்தவன் நான். தாத்தாதான் அந்த ஊருக்கு வாய். ஏரி மதகு திறக்கறதா, கிஸ்தி கட்டக் கடைசி நாளா, அம்மனுக்குக் கூழ் ஊத்தறதா, தெருத் தெருவாய்த் தண்டோரா போட்டுச் சொன்னவர் அவர். மதகு திறந்தால் பாயும் தண்ணீரில் நனைய அவருக்கு ஒரு குழி நிலம் கிடையாது. கிஸ்தி கட்ட எதுவும் இல்லை. கூழ் ஊத்தும் கோயிலுக்குள் போக முடியாது. ஊர்க் கூட்டம் என்று ஊரையே கூப்பிட்டுவிட்டு, கூட்டத்துக்கு வெளியே புளியமரத்தடியில் துண்டை இடுப்பில் கட்டி நிற்பார்.

சாவு சேதி சொல்வதும் அவர் வேலைதான். ராத்திரியோ மழையோ, பக்கத்து ஊர்களுக்கு நடந்து போவார். போய்ச் சொந்தக்காரர் வீட்டுத் தெருமுனையில் நின்று குரல் கொடுப்பார்.

“இன்னாடா சேதி?”

“பெரிய ஆண்டே தவறிட்டாருங்க ஆண்டே.”

உள்ளே அழுகை கிளம்பும். யாராவது வந்து குவித்த கையில் தண்ணி ஊற்றுவார்கள். முறத்தில் கொஞ்சம் நெல். சேதி வீட்டுக்குள் போய்விடும். சேதி கொண்டுவந்த ஆள் தெருவிலேயே நிற்பார். தாத்தா சொன்ன ஒரு சேதியும் தப்பாய்ப் போய்ச் சேர்ந்ததில்லை. அந்தக் கரும்பலகைக் கணக்குப்படி இது முழு வெற்றி பெற்ற தகவல் தொடர்பு. தடை எதுவும் இல்லை. அப்படியென்றால் அந்தத் தெருமுனைக்கு என்ன பெயர்?

இந்தக் கேள்வியோடுதான் அந்தப் படத்தை விமர்சிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கட்டமும் அம்பும் எங்கிருந்து வந்தன? 1948இல் கிளாட் ஷானன் என்கிற கணிதவியலாளர் அமெரிக்காவில் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் இருந்துகொண்டு எழுதிய கட்டுரையிலிருந்து. அடுத்த ஆண்டு வாரன் வீவரின் விளக்கத்தோடு அது புத்தகமானது. ஒரு கம்பியில் எவ்வளவு தகவலை அனுப்பலாம், நடுவில் புகும் இரைச்சலை எப்படிச் சமாளிக்கலாம் என்பதுதான் அவருடைய கேள்வி. செய்தியின் அர்த்தம் தன்னுடைய பொறியியல் சிக்கலுக்குச் சம்பந்தமில்லாதது என்று அவரே ஒளிவுமறைவில்லாமல் எழுதிவிட்டார். நேர்மையான மனிதர். குற்றம் அவரிடம் இல்லை. கம்பிக்கு எழுதியதை மனுசனுக்குப் பொருத்தியவர்களிடம் இருக்கிறது. கம்பிக்குச் சாதி இல்லை. இந்த முனையில் இருக்கும் கருவியும் அந்த முனையில் இருக்கும் கருவியும் ஒன்றையொன்று ‘டேய்’ என்று கூப்பிடுவதில்லை.

அதே 1948இல் ஹெரால்ட் லாஸ்வெல் தகவல் தொடர்பை ஐந்து கேள்விகளாய்ப் பிரித்தார்: சொல்வது யார், என்ன சொல்கிறார், எந்த வழியில், யாருக்கு, விளைவு என்ன. நல்ல கேள்விகள்தான். ஆனால் ஆறாவதாக ஒன்று விட்டுப்போயிற்று: பேசவே கூடாது என்று வைக்கப்பட்டவர் யார்? 1954இல் வில்பர் ஷ்ராம் இரண்டு வட்டம் போட்டார். இவருடைய அனுபவம் ஒரு வட்டம், அவருடைய அனுபவம் ஒரு வட்டம். இரண்டும் எந்த அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று படிகிறதோ அந்த அளவுக்குத்தான் புரிதல் என்றார். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த இரண்டு வட்டத்தையும் எங்கள் ஊரில் தரையிலேயே போட்டு வைத்திருக்கிறார்களே! ஒன்று ஊர், ஒன்று சேரி. நடுவில் வயல். இரண்டும் படிந்துவிடக் கூடாது என்பதற்காகவே தனிக் கிணறு, தனிச் சுடுகாடு, டீக்கடையில் தனி டம்ளர். தற்செயலாய் விழுந்த இடைவெளி இல்லை இது. அளந்து போட்டது.

இங்கேதான் என் வாதம். பாடப்புத்தகம் தடையை ஒரு விபத்தாகப் பார்க்கிறது. சமமான இரண்டு பேர் பேச விரும்புகிறார்கள், நடுவில் ஏதோ குறுக்கே வந்துவிட்டது, அதை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறது. சாதி அப்படிக் குறுக்கே வந்த இரைச்சல் இல்லை. யார் கூப்பிடலாம், யார் நின்றுகொண்டு கேட்க வேண்டும், யார் எந்தச் சொல்லால் பதில் சொல்லலாம் என்று பாதையையே வகுத்துக் கொடுத்திருப்பது அதுதான். அது ‘நன்றாக வேலை செய்யும்’போதுதான் சேதி தங்குதடையின்றிப் போகிறது, எங்க தாத்தா கொண்டுபோன சாவு சேதி மாதிரி.

பத்து வயசுப் பையன் எழுபது வயசுக் கிழவரை “டேய், இங்க வாடா” என்பான். அவர் “வந்தேன் சாமி” என்பார். தகவல் முழுசாய்ப் புரிந்தது, பதிலும் வந்தது. பயிற்சி வகுப்பில் ‘மரியாதையாய்ப் பேசுங்கள்’ என்பதையும் ஒரு கொள்கையாகச் சொல்லித் தருகிறார்கள். எங்க ஆட்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? தலைமுறை தலைமுறையாய் மரியாதையைத் தவிர வேறு எதுவும் பேச விடப்படாதவர்கள் நாங்கள். அந்த வகுப்பு நடக்க வேண்டிய தெரு வேறு.

உத்திரமேரூர் என்றதும் எல்லாரும் கல்வெட்டைத்தான் பேசுவார்கள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் பேசினார். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய சனநாயகம் என்று பெருமை. நானும் போய்ப் பார்த்தேன். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து எழுத்து, கி.பி. 919இலும் 921இலும் வெட்டியவை. ஒரு சேதி கெட்டுப்போகாமல் போய்ச் சேர என்னென்ன செய்ய வேண்டும் என்பதை அதைவிடக் கவனமாய் எழுதிவிட முடியாது. முப்பது குடும்புகள், அதாவது வார்டுகள். பெயர்களை ஓலையில் எழுதிக் கட்டிக் குடத்தில் போட வேண்டும். குடத்தை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிக் காட்ட வேண்டும். விவரம் தெரியாத சின்னப் பையன்தான் ஓலையை எடுக்க வேண்டும். வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும், ஓலையை மாற்றிவிடாமல் இருக்க. அவர் உரக்கப் படிக்க வேண்டும். கூடியிருக்கும் நம்பிமார் அத்தனை பேரும் அதையே திரும்பப் படிக்க வேண்டும். கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்தில் விழவே கூடாது, அவன் சொந்தக்காரன் பெயரும் கூடாது. ஷானன் படித்திருந்தால் சபாஷ் என்றிருப்பார்.

ஆனால் குடத்துக்குள் யார் பெயர் போகும்? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம். சொந்த மனையில் வீடு. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி 35க்கு மேல் 70க்குள் வயது. வேதப் படிப்பு. ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றவன் என்றால் அரைக்கால் வேலி போதும். இது பிரமதேயம், உத்தரமேரு சதுர்வேதிமங்கலம். சபை பிராமணர் சபை. ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஏரியில் மண் சுமந்த கைக்குக் குடத்தில் இடமில்லை. வழியில் இரைச்சல் புகாமல் அத்தனை காவல். அந்த வழிக்குள் மனுசன் நுழையாமலும் அத்தனை காவல். இரண்டும் ஒரே சுவரில்தான் வெட்டியிருக்கிறது. 1947இல் சென்னை மாகாண ஆலய நுழைவுச் சட்டம் வரும்வரை எங்கள் ஆட்களுக்குக் கோயிலுக்குள் போகச் சட்டப்படி உரிமை இல்லை. கிட்டப்போய்ப் படிக்க முடியாத சுவரில் எழுதியதை ஊருக்குச் சொன்ன சேதி என்று எப்படிச் சொல்வது?

அண்ணல் அம்பேத்கர் இதை வேறு கோணத்தில் பார்த்தார். ஒரு நல்ல சமூகத்தில் ஒரு பகுதியில் நடக்கும் மாற்றம் மற்றப் பகுதிகளுக்குப் போய்ச்சேரப் பல வாய்க்கால்கள் இருக்க வேண்டும், மனிதர்கள் தடையின்றிக் கலந்து பழக வேண்டும், சனநாயகம் என்பது ஆட்சி முறை மட்டுமில்லை, சேர்ந்து வாழ்ந்து அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளும் முறை என்பது அவருடைய வாதம். அவருடைய ஆசிரியர் ஜான் டூயியிடம் கற்றதைச் சாதியின் மேல் வைத்துச் சோதித்தார் என்று சொல்லலாம். இதைச் சொல்லும் ‘சாதி ஒழிப்பு’ உரைக்கு என்ன கதி ஆனது? 1936இல் லாகூரில் அவரைப் பேசக் கூப்பிட்ட சாதி ஒழிப்புச் சங்கமே உரையைப் படித்துப் பார்த்துவிட்டு மாநாட்டைக் கைவிட்டது. அவர் தன் சொந்தச் செலவில் அச்சிட்டார். உரையில் தெளிவுக்குக் குறைவா? தெளிவாய்ப் புரிந்ததால்தான் கேட்க மாட்டோம் என்றார்கள்.

அதனால்தான் நம் முன்னோர்கள் அந்த வழியில் நுழைய இடம் கேட்டுக்கொண்டே நிற்காமல் தனி வழி வெட்டினார்கள். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் பத்திரிகை தொடங்கியபோது எந்தச் சொல்லால் ஏசினார்களோ அதையே தலைப்பாக வைத்தார்: ‘பறையன்’. 1907இல் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். ஊரார் சேதியைச் சுமந்தவர்கள் தங்கள் சேதியைத் தாங்களே அச்சுக் கோத்தார்கள். தாத்தாவின் தண்டோராவுக்கும் இந்தப் பத்திரிகைகளுக்கும் உள்ள வித்தியாசம் கருவியில் இல்லை. சொல் யாருடையது என்பதில் இருக்கிறது.

1980இல் பரம்பரை மணியக்காரர், கர்ணம் பதவிகள் ஒழிந்தன. தண்டோரா ஒழியவில்லை. 2022 ஆகஸ்டில்தான் தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்த வேண்டும், வண்டியில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லலாம் என்று ஆட்சியர்களுக்கு எழுதினார். வரவேற்கிறேன். ஆனால் கருவி மாறினால் போதாது. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பஞ்சாயத்துத் தலைவரான தலித் பெண் தரையில் உட்கார, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படத்தை நாடே பார்த்தது. அவர் தேர்தலில் வென்றவர். சட்டம் அவரை ‘அனுப்புபவர்’ கட்டத்தில் வைத்தது. சாதி அவரைத் தரையில் வைத்தது.

நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. எங்கள் இயக்கக் கூட்டங்களில் மைக் யார் கையில்? நானும் நடத்தியிருக்கிறேன். பெண்கள் பின்னால் உட்கார்ந்து, நாங்கள் பேசி முடித்ததும் கைதட்டிவிட்டு, எழுந்து போய்ச் சோறு வடிப்பார்கள். எங்க பெரியம்மா ஒருநாள் சொன்னது: “நீங்க பேசறது நல்லாத்தான்டா கீது. எங்களுக்கு ஒரு வார்த்த வரும்னு எப்பனா கேட்டீங்களா?” என்னிடம் பதில் இல்லை.

அதே பெரியம்மா ஒரு கிராம சபையில் எழுந்தார். சேரிச் சுடுகாட்டுக்குப் பாதை இல்லை. மழைக்காலத்தில் பொணத்தைத் தூக்கிக்கொண்டு முழங்கால் சேற்றில், வரப்பில் நடக்க வேண்டும். வழக்கப்படி தீர்மான நோட்டு முதலிலேயே சுற்றி வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் பேச வேண்டும். பெரியம்மா பேனாவைத் தொடவில்லை.

“கையெழுத்து அப்பறம். மொதல்ல நான் சொன்னத எழுது. எழுதினதப் படிச்சிக் காட்டு. எல்லாருக்கும் கேக்கறாப்ல படி.”

சுவரில் என்ன வெட்டியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எழுதியதை உரக்கப் படி, எல்லாருக்கும் கேட்கும்படி படி என்பதை அவர் எந்தக் கல்வெட்டிலிருந்தும் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு எழுதினார்கள். படித்தார்கள். ஒரு வார்த்தை விட்டுப்போயிருந்தது. அதையும் எழுத வைத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

பாதை இன்னும் வரவில்லை. அந்த ஒரு வரி நோட்டில் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் அதைத் திரும்பப் படிக்கச் சொல்லப் போகிறோம். இந்தத் தடவை எங்களோடு பேச வருகிறவர்கள் இருபது பெண்கள்.