அவார் உறுப்புத்தொடர் ஆய்வுகள்: ஒரு மதிப்பீடு

தாகெஸ்தானின் அவார் மொழியில் உடலுறுப்புகளை வைத்து அமைந்த மரபுத்தொடர்கள் ஏராளம். அவற்றை ஆராய இரு முறைகள் கைகொடுத்துள்ளன. இரண்டையும் ஒரே கேள்வியால் அளக்கலாம்: தொடர் ஏன் அவ்வடிவில் அமைந்தது என்பதை அம்முறை விளக்குகிறதா?

முதலாவது, ருஷ்ய மொழிக்காக மொழியியலாளர் வினகிராதவ் 1940களில் வகுத்த பாகுபாடு. தொடரில் உள்ள சொற்களின் தனிப்பொருள் எந்த அளவுக்குக் கரைந்துவிட்டது என்பதைக் கொண்டு அது தொடர்களைத் தரம் பிரிக்கிறது. தொகுப்புப் பணிக்கு அது தந்த ஒழுங்கு பெரிது. விளக்கத்துக்கு அது போதாது. ‘ரக்’ என்பது இதயம். ‘ரக்கல்தே ஷ்வேஸே’, அதாவது இதயத்தின் மேல் வந்து சேர்தல், நினைவுக்கு வருவதைச் சொல்லும் அன்றாட வழக்கு. இயல்பான கூற்றே இதுவாக இருக்கையில், தனிப்பொருளிலிருந்து விலகிய அளவை எதை வைத்து அளப்பது?

இரண்டாவது, 1980இல் மொழியியலாளர் லேகாஃபும் மெய்யியலாளர் ஜான்சனும் முன்வைத்த உருவகக் கோட்பாடு. சிதறிக்கிடந்த தொடர்களை ஒரே கருத்தமைப்பின் கிளைகளாகக் காட்டியது அதன் சாதனை. ஆனால் இதயத்தைக் கொள்கலமாகக் காணும் வார்ப்பு இங்கே பொருந்தவில்லை. அவாரின் இடவேற்றுமைகள் ஐந்து வரிசைகளாக அமைந்தவை. குழிவான உள்ளிடத்துக்கென ஒரு வரிசை உண்டு. நினைவுத்தொடரோ மேற்பரப்பு வரிசையை ஏற்கிறது. இதை வைத்து, அவார் மக்கள் நினைவை இதயத்தின் மேற்பரப்பில் காண்கிறார்கள் என்று முடிவுகட்டுவதும் அவசரம். ‘எனக்குத் தெரியும்’ என்பதற்கான அவார்த் தொடரில் அறிபவரைக் குறிப்பதும் அதே வரிசைதான். உருபின் இலக்கணப் பணியைக் கழித்த பிறகு எஞ்சுவதையே பண்பாடு என்று பேச முடியும்.

இரு முறைகளின் கருவிகளுக்கும் எட்டாத கூறு இன்னொன்று. ‘இதயம் எரிந்தது’ என்று துயரத்தைச் சொல்லும்போது வினையின் முன்னொட்டு ‘இதயம்’ என்ற பெயரின் வகுப்போடு இயைகிறது. துயருற்றவர் ஆணா பெண்ணா என்பது வினையில் தெரிவதில்லை. அந்த ஆளே எரிந்ததாகச் சொன்னால் வினையே அதைக் காட்டிவிடும். உணர்ச்சிக்கு உரியவரைப் பின்னுக்குத் தள்ளி, உறுப்பை எழுவாயாக்கும் இந்த அமைப்பு ஆய்வின் மையத்தில் இருக்க வேண்டியது.

வேற்றுமையையும் பெயர் வகுப்பையும் விவரித்த உஸ்லரின் அவார் இலக்கணம் 1889இலேயே அச்சேறியது. ஆகவே கருவி இல்லை என்ற சமாதானம் செல்லாது. அகராதிக்கு வினகிராதவின் பாகுபாடு தகும். பிறமொழி ஒப்பீட்டுக்கு உருவகக் கோட்பாடு தகும். அவார்த் தொடரின் அமைப்பை விளக்க இரண்டும் தனித்துத் தகா. அந்த விளக்கம் வேற்றுமை உருபிலிருந்தே தொடங்க வேண்டும்.