பரிசுத்தவான்களாகும்படி பிள்ளைகளுக்கு ஓர் அழைப்பு

பிள்ளைகளுக்கு அருளுரை ஆற்றுவது எளிது என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். ஒரு கதையும் ஒரு புத்திமதியும் போதும் என்பது அவர்கள் கருத்து. அக்கருத்தை மறுக்கும் உரையொன்று 2010 செப்டம்பர் 17 அன்று, இலண்டனைச் சார்ந்த ட்விக்கென்ஹாமில், தூய மரியாள் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆற்றப்பட்டது. பிரிட்டனுக்கு அரசுமுறைப் பயணமாக வந்திருந்த போப் பதினாறாம் பெனடிக்ட், அங்குத் திரண்டிருந்த கத்தோலிக்கப் பள்ளி மாணவரிடமும், தொலைக்காட்சி, இணையம் வாயிலாகக் கேட்ட பிற பள்ளிப் பிள்ளைகளிடமும் பேசினார். அதே நாளில் அதே வளாகத்தில் ஆசிரியருக்கும் துறவியருக்கும் தனியே ஓர் உரை அளித்தார். இவ்விரண்டையும் சேர்த்து வாசித்தாலன்றி அவர் கருத்து முழுமையாக விளங்காது.

ஆசிரியருக்கு அவர் கூறியதன் சாரம் இது: கல்வி என்பது செய்திகளை ஊட்டுவதன்று, பொருளாதாரப் பயனுக்கான திறமைகளைப் பழக்குவது மாத்திரமுமன்று, மனிதனை உருவாக்கி அவனுக்கு ஞானத்தை வழங்குவதே கல்வி. ஞானமோ படைத்தவரை அறியும் அறிவினின்று பிரிக்கக்கூடாதது. இதற்கு ஆதாரமாக அவர் காட்டியது சாலமோனின் ஞானம் 7:16. இந்நூல் நம் திருமறையின் நியமத் தொகுதியில் இல்லை. எனினும் வாழ்க்கைப் போதனைக்காக இத்தகைய நூல்களை வாசிக்கலாம், கோட்பாட்டை நிறுவ அவற்றைப் பயன்படுத்தலாகாது என்பதே ஆங்கிலிக்கத் திருச்சபையின் 39 விதிகளில் ஆறாவது கூறும் நிலை. மேலும், அவ்வசனத்தின் கருத்து நமக்குப் புதியதன்று. யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்தில் பெசலெயேலின் கைத்தொழில் திறமையும் தேவ ஆவியின் ஈவாகவே சொல்லப்படுகிறது. ஆகவே ஆதாரநூலைக் காரணங்காட்டி இவ்வுரையை ஒதுக்குவதற்கு நமக்கு இடமில்லை.

மாணவருக்கான உரையில் ‘ஞானம்’ என்ற சொல்லைக் காட்டிலும் ‘பரிசுத்தம்’ என்ற சொல்லே மேலோங்கி நிற்கிறது. இருபத்தோராம் நூற்றாண்டின் பரிசுத்தவான்கள் சிலர் தம் செவியாளருள் இருப்பர் என்று தாம் நம்புவதாக அவர் தொடக்கத்திலேயே அறிவிக்கிறார். பிள்ளைகளைச் சிறுமைப்படுத்தாத பேச்சு இது. அடுத்து, எவரைப் போலாக நீங்கள் விரும்புகிறீர்கள், அவரிடம் கண்ட எக்குணத்தை நாடுகிறீர்கள் என்று வினவுகிறார். விளையாட்டு வீரரையும் திரைக் கலைஞரையும் பின்பற்றும் காலத்தில், அவர்களைப் பழிக்காமல், அப்பின்பற்றுதலுக்கு அடியிலுள்ள தாகத்தையே அவர் தொடுகிறார். பணத்தையும் அவர் தூற்றவில்லை; அதைக்கொண்டு நன்மை செய்யலாம், ஆனால் அது மாத்திரம் மகிழ்ச்சி தராது என்கிறார். சமயத்தையும் ஒழுக்கத்தையும் புறக்கணிக்கும் அறிவியல் குறுகிப்போகும் என்று கூறியவர், அறிவியலின் நியாயமான பங்கை மறுக்கும் சமயமும் குறுகிப்போகும் என்று சேர்த்துக்கூறுவது கவனிக்கத்தக்கது. இந்த நேர்மை இல்லாத மேடையில் மாணவனுடைய நம்பிக்கையைப் பெற இயலாது.

இனி, இவ்வுரையில் நாம் காணும் குறைக்கு வருவோம். தேவனை நண்பராக அறிதல், அவரது அன்பினால் ஈர்க்கப்படுதல், நற்குணங்களை நாடுதல், பாவத்தின் கேட்டை உணர்ந்து விலகுதல், துன்புறுவோர்மீது இரங்குதல் என்று பரிசுத்தத்தின் பாதை இங்கே படிப்படியாக விரிகிறது. தேவ அன்பே முதற்படி என்பதை நாம் மறைக்கலாகாது. ஆயினும் அப்படிகளில் இடறி விழும் பிள்ளைக்கு என்ன செய்தி? பாவம் இங்கே தவிர்க்கவேண்டிய கண்ணியாகக் காட்டப்படுகிறது. அக்கண்ணியில் ஏற்கெனவே அகப்பட்டவனுக்குரிய மன்னிப்பும், அம்மன்னிப்பின் ஊற்றாகிய சிலுவையும் உரையின் முன்னணிக்கு வரவில்லை. பவுல் அப்போஸ்தலன் கட்சிபேதங்களால் பிளவுண்ட கொரிந்து சபையாரைப் பரிசுத்தவான்கள் என்றே விளித்து நிருபத்தைத் தொடங்குகிறார். அவர்கள் ஏறி அடைந்த நிலையைக் குறித்து அவர் அவ்வாறு எழுதவில்லை; கிறிஸ்துவுக்குள் பெற்ற நிலையைக் குறித்தே எழுதினார். கிறிஸ்துவே நமக்கு ஞானமும் பரிசுத்தமுமானார் என்று அதே அதிகாரத்தில் (1 கொரி. 1:30) அவர் முடிவு கூறுகிறார். ஈவு முந்தியது, இலக்கு பிந்தியது. இவ்வரிசை தெளிவாக ஒலிக்காவிடில், பரிசுத்தராகுங்கள் என்ற அழைப்பு மனச்சாட்சி மென்மையான பிள்ளைக்குச் சுமையாகவும், தன்னம்பிக்கை மிகுந்த பிள்ளைக்குப் பெருமையாகவும் மாறிவிடும்.

இதே பயணத்தில், செப்டம்பர் 19 அன்று, பர்மிங்ஹாமில் ஜான் ஹென்றி நியூமனுக்கு முத்திப்பேறு பட்டம் அளிக்கப்பட்டது. நியூமன் 1852இல் டப்ளினில் தொடங்கிய பல்கலைக்கழக விரிவுரைகளில், அறிவு வேறு, நற்பண்பு வேறு என்றும், உயர்கல்வி பண்பட்ட மனிதனை உருவாக்குமேயன்றிக் கிறிஸ்தவனை உருவாக்காது என்றும் வாதிட்டார். நல்ல கத்தோலிக்கப் பள்ளி தன் மாணவர் அனைவரும் பரிசுத்தவான்களாக உதவவேண்டும் என்ற ட்விக்கென்ஹாம் கூற்றை இதனோடு ஒப்பிட்டால், பள்ளியால் ஆவது எது, கிருபையால் மாத்திரம் ஆவது எது என்ற வினா எழுகிறது. அவ்வினாவுக்கு உரை போதிய விடை தரவில்லை.

இக்குறை கோட்பாட்டளவில் நின்றுவிடுவதன்று. பிள்ளைகளுக்கு எதிராகக் குருமார் சிலர் இழைத்த கொடுமைகள் வெளிப்பட்டு, அத்திருச்சபை நாணி நின்ற காலம் அது. ஆசிரியருக்கான உரையில் பள்ளிகளில் பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றிப் போப் குறிப்பிட்டார்; மறுநாள் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் பாதிக்கப்பட்டோருக்குத் தம் ஆழ்ந்த துயரத்தைத் தெரிவித்தார். ஆனால் பரிசுத்தத்திற்குப் பிள்ளைகளை அழைத்த அம்மேடையில் திருச்சபையின் பாவ அறிக்கை இடம்பெறவில்லை. தன்னை மன்னிக்கப்பட்ட பாவிகளின் கூட்டமென்று முதலில் சொல்லும் திருச்சபையின் அழைப்பையே காயமுற்ற பிள்ளை செவிமடுக்கக்கூடும்.

இக்கண்டனம் நம்மையும் விட்டுவிடாது. நாம் கிருபையைப் பிரசங்கிக்கிறோம். அது எதற்காக அளிக்கப்பட்டது என்பதைப் பிள்ளைகளிடம் கூறத் தயங்குகிறோம். மதிப்பெண்ணுக்காகவும் வேலைக்காகவும் ஜெபிக்கக் கற்பிக்கும் நாவு, பரிசுத்தத்தை நாடும்படி எத்தனை முறை அழைத்திருக்கிறது? பெனடிக்ட் தம் உரையின் இறுதியில் கத்தோலிக்கரல்லாத மாணவரையும் தம் சொற்களுக்குள் சேர்த்துக்கொண்டார். பல சமயத்துப் பிள்ளைகள் அமர்ந்திருக்கும் நம் பள்ளி வழிபாட்டுக் கூடங்களில் பேசப்போகும் இறையியல் மாணவர் இதைக் கற்றுக்கொள்ளவேண்டும்.

கேட்பவன் சிறுவனாயினும் அவனிடம் மேலானதையே கேட்கும் துணிவை இவ்வுரையினின்று பெற்றுக்கொள்வோம். அத்தோடு, விழுந்த பிள்ளையை எடுத்து நிறுத்தும் கிறிஸ்துவின் கரத்தை அதே மூச்சில் காட்டுவோம். தான் இன்னும் அடைந்தாயிற்று என்று எண்ணாமல், கிறிஸ்துவால் பிடிக்கப்பட்டதனாலேயே ஓடுவதாகப் பவுல் எழுதினார் (பிலி. 3:12). பள்ளிப் பிள்ளைகளுக்கு ஞானத்தையும் விசுவாசத்தையும் குறித்துப் பேசுவோர் அவ்வரிசையைக் காத்துப் பேசுவது நலம்.