‘தலைமுறைகள்’ காட்டும் உறவுச் சிக்கல்

ஆங்கிலச் சிற்றூர்களின் காதலையும் குடும்பப் பூசலையும் தாமஸ் ஹார்டியிடம் பயின்று வியந்தோர் நம்முள் பலர். அத்தகைய உறவுச் சிக்கலை இரணியல் என்னும் நம் அண்டை ஊரில் கண்டு காட்டியவர், 1938இல் திருவனந்தபுரத்தில் பிறந்த நீல பத்மநாபன். அவருடைய ‘தலைமுறைகள்’ 1968இல் வெளிவந்தது.

பெண்மையற்றவள் என்று பழிசுமத்தி நாகுவைக் கணவன் தள்ளிவைக்கிறான். உடன்பிறந்தவனாகிய திரவி அவளுக்கு மறுமணம் செய்விக்க முனைகிறான். சமூகக் கட்டுப்பாடு குறுக்கே நிற்கிறது. உண்ணாமலை ஆச்சியின் அன்பில் வளர்ந்த வீடே பழைய வழக்கங்களின் காவல் வீடாகவும் இருக்கிறது. தீயோர் மட்டுமன்றி, அன்புடையோரும் ஊர்வாய்க்கு அஞ்சித் துயரை வளர்க்கின்றனர் என்பதே இந்நாவலின் மெய்ம்மை.

எனினும் ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். கதை திரவியின் கண்வழியே செல்வதால் நாகுவின் உள்ளம் நமக்கு முழுதும் திறக்கவில்லை. அவளுக்காகப் பேசுவோர் உண்டு. அவளைக் கேட்போர் அரியர்.

வட்டார வழக்கு கடினமென்பர் சிலர். 1956 வரை இந்நகரோடு ஒரே ஆட்சியின்கீழ் இருந்த ஊரின் பேச்சு அது; நம் இல்லங்கள் பலவற்றில் பாட்டிமார் பேசிய தமிழ். மலையாளம் பயிலும் நம் பிள்ளைகளுக்கு அதனை வாய்விட்டுப் படித்துக் காட்டுவோம். செவிவழியே பொருள் விளங்கும்.