மத்யமம் பிசகும் இடம்

போன ஆடியில் கொடுங்கையூரில் ஒரு தெருமுனை அம்மன் கோவில். ஊர்வலம் புறப்படுமுன் நாகஸ்வரக்காரர் மூன்று சீவாளிகளை மாற்றிப் பார்த்தார். உதட்டில் நனைப்பார், ஊதுவார், கழற்றுவார். நாலாவதுதான் பேசியது. கூட நின்ற கவிஞர் நண்பர் பரவசத்தோடு சொன்னார்: 'மரபின் குரல்.' அந்தச் சொல் எனக்கு உறுத்திற்று.

நம் பத்திரிகைகளில் மரபு கும்பிட வேண்டிய சவம். அல்லது புதைக்க வேண்டிய சவம். அது அசையாதது என்பதில் இரு கட்சிக்கும் ஒற்றுமை. ஆடுதுறையை அடுத்த நரசிங்கம்பேட்டையின் கடைசல் பட்டறைகளைக் கொஞ்சம் யோசித்தால் இந்த ஒற்றுமை குலைந்துபோகும்.

அங்கே தலைமுறைகளாக நாகஸ்வரம் கடைகிறார்கள். மரம் ஆச்சா. பச்சை மரம் உதவாது. பழைய வீடுகளை இடிக்கும்போது வரும் உத்தரமும் தூணும் வேண்டும். 'பழமையே பலம்' என்று இதிலிருந்து சுலபமாக ஓர் உவமை எடுத்துவிடலாம். ஆனால் அந்தப் பழைய மரத்தில் கடைந்தது பழைய வாத்தியம் இல்லை. முன்பு வழக்கிலிருந்தது குட்டையான, சுருதி உயர்ந்த திமிரி. அதில் சுத்த மத்யமம் சரியாக நிற்காது; வாசிப்பவர் மூச்சாலும் உதட்டாலும் சமாளிக்க வேண்டும். நீளம் கூடி, சுருதி தாழ்ந்த பாரியில் அந்தக் குறை தீர்ந்தது. அதைச் செம்மைப்படுத்தியவர் அவ்வூர் ரங்கநாத ஆசாரி. ஊதி நிலைநாட்டியவர் 1956இல் மறைந்த டி. என். ராஜரத்தினம் பிள்ளை. ஆதி நாதம் என்று நாம் உருகுவது 20ஆம் நூற்றாண்டின் திருத்தம்.

புதுமை மோகத்தில் இது நடக்கவில்லை. ஒரு ஸ்வரம் பிசகுவது ஒரு காதுக்குக் கேட்டது; மரத்தில் எந்த இடத்தில் என்று ஒரு கைக்குத் தெரிந்தது. மரபு என்பது இந்தக் காதும் கையும்தான். உருவம் அவற்றின் விளைவு.

சீவாளி இன்னும் கறாரான பாடம். பக்கத்துத் திருவாவடுதுறையில், நாணல் தட்டையைக் காயவைத்துப் பதப்படுத்தி, நூலால் கட்டிச் செய்கிறார்கள். மரம் பல வருஷம் உழைக்கும். அதைப் பேசவைக்கும் தட்டைக்கு அற்ப ஆயுள். திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

2022இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம்தான். பெயருக்குக் காவல் வந்தது. ஆனால் வங்கிக் குமாஸ்தாவான எனக்குப் படிவங்களின் எல்லை தெரியும். கடன் விண்ணப்பத்தில் கருவிகளின் மதிப்புக்குக் கட்டம் உண்டு. பிசகைக் கேட்கும் காதுக்குக் கிடையாது. அது பட்டறையில் அப்பாவின் பக்கத்தில் வருஷக்கணக்காக உட்கார்ந்து வருவது. பையன் உட்காராவிட்டால் பெயர் மட்டும் மிஞ்சும்.

நம் கவிதைக்கு வருகிறேன். யாப்பை விட்டது குற்றமில்லை. எந்தப் பிசகு காதில் விழுந்ததால் விட்டோம் என்று கேட்டால், பதில் சொல்லக்கூடியவர்கள் நம்மில் எத்தனை பேர்? அந்த நண்பரின் புதிய தொகுப்பு மதிப்புரைக்காக என் மேஜைமேல் கிடக்கிறது. இந்தக் கேள்வியிலிருந்துதான் அதைப் படிக்கத் தொடங்கப்போகிறேன்.