சரபோஜிக்குச் சற்று ஓய்வு கொடுங்கள்

புனேயில் தமிழ்–மராத்தி உறவு என்று மேடை போட்டால் மூன்று பேர் தவறாமல் வந்துவிடுவார்கள்: தஞ்சையைப் பிடித்த மராத்தியர் வெங்கோஜி, சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்த தஞ்சை மன்னர் சரபோஜி, சாம்பாருக்குப் பெயர் கொடுத்ததாகச் சொல்லப்படும் சம்பாஜி. "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று முடித்துச் சால்வை போர்த்திக் கலைவார்கள். வெறுப்புப் பேச்சுக்கு இது மேல் என்று வக்காலத்து வாங்குவோரும் உண்டு.

மேல்தான். தஞ்சையின் கொடையும் பொய்யல்ல. விஷ்ணுதாஸ் பாவே 1843இல் சாங்லியில் முதல் மராத்தி நாடகமாகக் கருதப்படுவதைப் போடுவதற்கு நூறாண்டுக்கும் முன்பே, தஞ்சை மராத்திய மன்னர் ஷாஜி மராத்தியில் நாடகம் எழுதிவிட்டார். மராத்திக் கீர்த்தனம் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதரிடம் தமிழ் ஹரிகதையாயிற்று. சாம்பார்க் கதைக்குத்தான் உறுதியான சான்றில்லை, போகட்டும்.

என் வழக்கு வேறு. இது அரண்மனைச் சம்பந்தம். புனேயை ஒட்டிய கட்கியிலும் தேஹு ரோட்டிலும் ராணுவத் தொழிற்சாலைகளையும் கிடங்குகளையும் ஒட்டித் தலைமுறைகளாக வாழும் தமிழர்களுக்கு இந்தக் குடும்பத்தில் என்ன முறை? மேடைக் கதை 1855இல் தஞ்சை மராத்திய அரசு முடிந்ததும் ஒரே தாவலில் இன்றைய விழாவுக்கு வந்துவிடுகிறது. நடுவில் 1966 இருக்கிறது. அந்த ஆண்டு பம்பாயில் பிறந்த சிவசேனை முதலில் குறிவைத்தது 'மதராஸி'களைத்தான். அதைச் சொன்னால் விழா கசந்துவிடுமாம். படையோடு வந்து நாட்டைப் பிடித்தவர் உறவினர். பெட்டியோடு வேலை தேடி வந்தவன் அந்நியன். தஞ்சை உழவன் அந்த அரண்மனைக்கு அளந்த நெல்லைப் பற்றியும் ஒரு சொல் கிடையாது.

அயர்லாந்துக்கும் மெக்சிகோவுக்கும் உள்ள உறவைப் பாருங்கள். அங்கே நினைவில் நிற்பவர்கள் மன்னர்கள் அல்லர்; அமெரிக்கப் படையை விட்டு ஓடி மெக்சிகோ பக்கம் நின்று போரிட்ட, ஐரிஷ்காரர் பலர் இருந்த சான் பாத்ரிசியோ படைப்பிரிவின் சாதாரணச் சிப்பாய்கள். 1847இல் அவர்களில் சுமார் 50 பேர் தூக்கிலிடப்பட்டனர். அந்தத் தூக்குக் கயிற்றை மறைத்துவிட்டு அங்கே யாரும் உறவு கொண்டாடுவதில்லை.

சரபோஜிக்குப் பத்தாண்டு ஓய்வு கொடுங்கள். அவர் நாற்காலியில் கட்கித் தொழிலாளி ஒருவர் உட்காரட்டும். மொழிபெயர்ப்பாளர் தேடி அலைய வேண்டாம். அவர் மராத்தியிலேயே பேசுவார்.