மார்க்கஸ் பார்ட்லியின் நிலா

‘மாயாபஜார்’ படத்தில் ஒரு படகுப் பாட்டு உண்டு. முதலில் அபிமன்யுவும் வத்சலாவும் வருகிறார்கள். சற்று நேரத்தில் அதே நீரில் கண்ணனும் ருக்மணியும். கடைசியில், யாரும் எதிர்பாராத ஜோடியாக, பலராமரும் ரேவதியும். கண்டசாலாவும் பி. லீலாவும் பாடிய அந்தப் பாட்டைப் புகழ்ந்து நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல விரும்புவது அந்தக் காட்சியில் காயும் நிலவைப் பற்றி. நீரின் மேல் ஒளி நெளிகிறது. சாவித்திரியின் கன்னத்தில் அது படிகிற இடத்தில் துளியும் கூச்சமில்லை. இரவு இரவாகவே இருக்கிறது. ஆனால் அந்த இரவுக்குள் ஒரு முகபாவமும் தொலைந்துபோகவில்லை. 1957-இல் கிடைத்த ஃபிலிமுக்கு அசல் நிலவொளி கொஞ்சமும் போதாது. அசல் நிலவில் கேமராவை ஓட்டியிருந்தால் கிடைத்திருப்பது வெறும் கறுப்புச் சுருள்தான். ஆகவே திரையில் நாம் காணும் நிலவு, மார்க்கஸ் பார்ட்லி என்ற ஒளிப்பதிவாளர் விளக்குகளையும் லென்ஸையும் ஃபிலிமையும் வைத்துச் செய்தது.

பழைய ஸ்டூடியோப் படங்களை எப்படிப் பார்ப்பது என்று இளைய நண்பர்கள் கேட்பதுண்டு. வசனம் நீளமாக இருக்கிறது, பாட்டு அதிகம், கதை முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது என்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வது: கதையைக் கொஞ்சம் விட்டுவிட்டு வெளிச்சத்தின் பின்னால் போங்கள். ஸ்டூடியோவின் நான்கு சுவர்களுக்குள் சூரியன் கிடையாது. தற்செயலாக ஒரு கதிர் வந்து விழ வழியே இல்லை. திரையில் எங்கே எவ்வளவு வெளிச்சம் இருந்தாலும் அதை ஒருவர் யோசித்து வைத்திருக்கிறார். எங்கே இருட்டு இருந்தாலும் அதுவும் அப்படித்தான். இதை உணர்ந்துகொண்ட பிறகு ஒவ்வொரு சட்டகத்துக்கும் பின்னால் ஒரு மனிதரின் முடிவு தெரிய ஆரம்பிக்கும். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் சுமாரான படத்தில்கூடப் பார்க்க ஏதாவது இருக்கும்.

எளிய பயிற்சி ஒன்று உண்டு. ஏதேனும் ஒரு காட்சியில் ஒலியை முழுதாக நிறுத்திவிடுங்கள். நடிகையின் மூக்கு நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். முதன்மை விளக்கு எதிர்ப்பக்கத்தில், மேலே இருக்கிறது. கண்மணியில் ஒரு வெண்புள்ளி மின்னுகிறதா? அது கண்ணுக்கென்றே கேமராவுக்குப் பக்கத்தில் வைத்த சிறு விளக்காக இருக்கும். அந்தப் புள்ளி இல்லாத முகம் உயிரற்றுப்போகும். வில்லனுக்குச் சிலசமயம் வேண்டுமென்றே அதை அணைத்துவிடுவார்கள். பிறகு கூந்தலின் ஓரத்தைக் கவனியுங்கள். கறுப்புக் கூந்தல், கறுத்த பின்னணி. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிவிடாமல் நடுவே மெல்லிய ஒளிக்கோடு ஓடும். பின்னாலிருந்து வரும் பேக் லைட்டின் வேலை அது. வண்ணப் படத்தில் நிறமே பொருள்களைப் பிரித்துக் காட்டிவிடும். கறுப்பு வெள்ளையில் அந்த உதவி கிடையாது. எல்லாவற்றையும் ஒளியால் மட்டுமே பிரிக்க வேண்டும். அதனால்தான் அந்தக் காலத்து ஒளிப்பதிவாளரின் கை அவ்வளவு நுட்பமானது.

இந்த நுட்பத்துக்கு நடிகர்கள் கொடுத்த விலையும் சின்னதல்ல. வேகம் குறைந்த ஃபிலிம் என்பதால் ஏராளமான விளக்குகள் வேண்டியிருந்தன; விளக்கென்றால் வெப்பம். ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்த அசோகமித்திரன் அங்கிருந்த மேக்கப் அறையைப் பற்றி எழுதியிருக்கிறார். பெரிய கண்ணாடிகளைச் சுற்றி எல்லாக் கோணங்களிலும் விளக்குகள் எரிய, நடுவில் உட்கார்ந்தவர்கள் வெந்துகொண்டிருந்த இடம் அது. ‘பேன்கேக்’ என்ற மேக்கப் பொருளை அந்த ஸ்டூடியோ லாரி லாரியாக வாங்கியது என்பதும் அவர் எழுதித்தான் நமக்குத் தெரியும். நடிகையின் முகத்தில் நாம் காணும் குளுமைக்கு அடியில் இத்தனை அனல் இருந்தது.

ஸ்டூடியோ என்பது ஒரு கட்டடம் மட்டுமல்ல, மாதச் சம்பளத்துக்கு ஒரே கூரையின் கீழ் இருந்த கைகள். தச்சர், பெயின்டர், லைட்மேன், மோல்டிங் ஆள், தையற்காரர் என்று ஆண்டுக்கணக்கில் சேர்ந்தே வேலை செய்தவர்கள். அந்தச் சேர்க்கையின் பலன் என்ன என்று பார்க்க வடபழனியின் விஜயா-வாஹினி படங்களை வரிசையாகப் பார்க்க வேண்டும். 1951-இல் ‘பாதாள பைரவி’, 1955-இல் ‘மிஸ்ஸியம்மா’, 1957-இல் ‘மாயாபஜார்’. மூன்றுக்கும் தயாரிப்பு நாகி ரெட்டியும் சக்ரபாணியும், ஒளிப்பதிவு பார்ட்லி. முதலும் கடைசியும் கே.வி. ரெட்டி இயக்கியவை, நடுவில் உள்ளது எல்.வி. பிரசாத்தினுடையது. ‘பாதாள பைரவி’யில் மந்திரவாதியின் குகை இருட்டு கொஞ்சம் முரட்டுத்தனமானது, பயமுறுத்தப் பார்க்கிற இருட்டு. ‘மிஸ்ஸியம்மா’வில் ஒரு சாதாரண வீட்டின் முற்றத்து இரவு மென்மையாக வருகிறது. ‘மாயாபஜா’ரில் அந்த மென்மையும் மாயமும் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஆறு ஆண்டுகளில் ஒரு கலைஞன் இருட்டைக் கையாளக் கற்ற கதையை இந்த மூன்று படங்களிலும் படிக்கலாம்.

‘மாயாபஜார்’ தெலுங்கிலும் தமிழிலும் தனித்தனியாக எடுக்கப்பட்டது. என்.டி. ராமராவின் கண்ணனும், சாவித்திரியும், எஸ்.வி. ரங்காராவின் கடோத்கஜனும் இரண்டுக்கும் பொது. அபிமன்யு அங்கே நாகேஸ்வர ராவ், இங்கே ஜெமினி கணேசன். அதே செட், அதே விளக்கு, ஆனால் முகம் வேறு. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள். ஒளி ஒன்றாக இருக்க, நடிகரின் எலும்பமைப்பு மட்டும் மாறினால் காட்சியின் சுபாவமே எப்படி மாறுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடம் வேறில்லை.

இந்தப் படத்துக்காக வாஹினியில் துவாரகையையே கட்டினார்கள். கோகலே வரைய, கலாதர் உருவாக்க, 50-க்கு 60 அடி இடத்தில் 300 குட்டி வீடுகள். ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. திரையில் அந்த நகரம் தெரிவது கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு முந்நூறு வீடுகளுக்கும் தனித்தனி முகம் கொடுத்திருக்கிறார்கள். பார்க்கிறவன் எண்ணப் போவதில்லை என்று தெரிந்தும் செய்த வேலை அது.

பிறகு அந்தக் கல்யாண விருந்து. திருச்சி லோகநாதன் குரலில் கடோத்கஜன் பாடிக்கொண்டே பந்தி முழுவதையும் காலி செய்கிறான். லட்டுகள் தாமே எழும்பி அவன் வாய்க்குள் பாய்கின்றன. கணினி இல்லாத காலம். பொருளை அணு அணுவாக நகர்த்தி ஒவ்வொரு சட்டகமாகப் பதிவது, லென்ஸின் ஒரு பாதியை மறைத்து எடுத்துவிட்டு, சுருளை எண்ணிப் பின்னோக்கிச் சுற்றி, மறு பாதியைத் திறந்து மீண்டும் எடுப்பது – அந்தக் காலத்துத் தந்திரக் காட்சிகளின் அடிப்படை இவைதான். கேமரா ஒரு மயிரிழை அசைந்தாலும் கோடு தெரிந்துவிடும். எண்ணிக்கை ஒன்று பிசகினாலும் முதலில் எடுத்ததும் சேர்ந்து பாழ். ஆனாலும் நான் அந்தக் காட்சியைப் பார்க்கும்போது தந்திரம் நினைவுக்கே வருவதில்லை. ரங்காராவின் கண்களில் இருக்கும் பசிதான் தெரிகிறது. குழந்தைக்கு இருக்கிற மாதிரி நேர்மையான பசி. அந்தப் பசியை நாம் நம்புவதால் லட்டு பறப்பதையும் நம்பிவிடுகிறோம்.

ஜெமினியின் ‘சந்திரலேகா’ (1948) இதைவிடப் பெரிய படம். எஸ்.எஸ். வாசன் பல ஆண்டு உழைப்பையும் லட்சக்கணக்கான ரூபாயையும் கொட்டி எடுத்தது. முரசுகளின் மேல் ஆடிவிட்டு, அந்த முரசுகளுக்குள்ளிருந்தே வீரர்கள் பாய்ந்து வரும் காட்சிக்கு ஈடு இன்றுவரை இல்லை. இருந்தாலும் என் மனம் அதில் முழுதாகத் தங்குவதில்லை. இரண்டு பிரம்மாண்டங்களுக்கு நடுவே காட்சிகள் தொய்கின்றன. அளவு அங்கே கலையை முந்திக்கொண்டு ஓடுகிறது.

‘மாயாபஜா’ருக்கு மூன்று ஆண்டு முன்னால், அதே வடபழனியில், ஏவி.எம். ஸ்டூடியோவிலிருந்து நேரெதிரான ஓர் ஒளி வந்தது. 1954 ஏப்ரல் 13-இல் வெளியான ‘அந்த நாள்’. இயக்கியவர் வீணை எஸ். பாலசந்தர், அப்போது அவருக்கு 27 வயது. ஒளிப்பதிவு, ‘பராசக்தி’யை எடுத்த மாருதி ராவ். 1943 அக்டோபரில் ஜப்பானியர் சென்னை மேல் குண்டு போட்டதற்கு மறுநாள் கதை தொடங்குகிறது. ரேடியோ என்ஜினீயர் ராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறான். ஜாவர் சீதாராமன் நடித்த சி.ஐ.டி. அதிகாரி ஒவ்வொருவராக விசாரிக்கிறார். ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்த ராஜனைச் சொல்லி, இன்னொருவர் மேல் சந்தேகத்தைத் திருப்புகிறார்கள். குரோசவாவின் ‘ராஷோமோன்’ கொடுத்த உந்துதல் வெளிப்படையானது. ஆனால் படத்தின் காற்று முழுக்கச் சென்னையின் காற்று.

பாட்டு ஒன்றுகூட இல்லாத படம் என்று எல்லோரும் இதைப் பற்றிச் சொல்வார்கள். அதனால் ஒளிப்பதிவாளருக்கு என்ன கிடைத்தது என்பதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. பாட்டு என்றால் செட் முழுவதும் சமமாக வெளிச்சம் வேண்டும். நாயகி எங்கே திரும்பினாலும் அழகாகத் தெரிய வேண்டும். ஆடும் கால்களும் தெரிய வேண்டும். பாட்டை எடுத்ததும் அந்தக் கட்டாயம் போய்விட்டது. மாருதி ராவ் முகத்தின் பாதியை இருட்டில் விடுகிறார். கேமராவைத் தாழ இறக்குகிறார். ஒரு சாதாரண வீட்டின் அறையை, கொலை நடந்த பிறகு யாரும் நிம்மதியாக உட்கார முடியாத அறையாக, நிழலை வைத்தே மாற்றிவிடுகிறார். சிவாஜி கணேசனின் முகத்தைத்தான் இங்கே கவனிக்க வேண்டும். வசனத்தால் அரங்கை அதிரவைத்த ‘பராசக்தி’ குணசேகரன் இரண்டே ஆண்டில் எவ்வளவு அடங்கியிருக்கிறார்! ஒவ்வொருவர் நினைவிலும் ராஜன் வேறு ஆளாக இருக்கிறான்; குரலை உயர்த்தாமல், பார்வையின் கனத்தை மட்டும் மாற்றி அவர் அதைச் செய்கிறார். பண்டரிபாயின் அமைதி அதற்குச் சமமாக நிற்கிறது. முதல் தடவை யார் கொன்றது என்பதற்காகப் பாருங்கள். இரண்டாம் தடவை, ஒருவர் பேசும்போது அவர் முகத்தில் எவ்வளவு வெளிச்சம் விடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இரண்டாம் தடவைதான் எனக்கு அதிகம் பிடித்தது.

இப்படியெல்லாம் பார்க்க நல்ல பிரதி வேண்டும். அங்கேதான் நெஞ்சு வலிக்கிறது. இந்தப் படங்கள் நான்குக்கு மூன்று என்ற அளவில், கிட்டத்தட்டச் சதுரமான சட்டகத்துக்காக எடுக்கப்பட்டவை. அகலத் திரையை நிரப்ப வேண்டும் என்று மேலும் கீழும் வெட்டிவிடுகிறார்கள். கிரீடம் போகிறது, பாதம் போகிறது, பார்ட்லி அளந்து வைத்த இடைவெளி போகிறது. சில பிரதிகளில் ‘தெளிவாக’ இருக்கட்டும் என்று வெளிச்சத்தை ஏற்றிவிடுகிறார்கள். கறுப்பு சாம்பலாகி, நிலவிரவு மேகமூட்டமான பகலாகிவிடுகிறது. திரையின் இரு ஓரங்களிலும் கறுப்புப் பட்டை இருக்கும் பிரதியைத் தேடுங்கள். படம் சின்னதாகத் தெரியும், ஆனால் முழுதாக இருக்கும்.

2010-இல் தெலுங்கு ‘மாயாபஜா’ருக்கு வண்ணம் பூசி வெளியிட்டார்கள். பலர் மகிழ்ந்து பார்த்தார்கள்; ஒரு புதிய தலைமுறை அதனால் படத்துக்குள் வந்தது என்பதை மதிக்கிறேன். ஆனால் வண்ணம் அந்தப் படத்துக்குத் தேவைப்படவில்லை என்பதே என் தீர்ப்பு. பார்ட்லி சாம்பலின் நூறு படிகளில் எழுதிய ஒளியின் மேல் நீலமும் மஞ்சளும் வந்து உட்கார்ந்ததும் அந்தப் படிகள் மறைந்துவிட்டன. அவர் வண்ணத்துக்கு அஞ்சியவரும் அல்லர். 1965-இல் கேரளக் கடலோரத்தில் ‘செம்மீன்’ படத்தை வண்ணத்தில் எடுத்தவர் அவர்தான். அந்தக் கடலையும் வானத்தையும் பார்த்தால், வண்ணம் வேண்டிய இடத்தில் அவர் அதை எப்படி யோசித்தார் என்பது விளங்கும்.

கறுப்பு வெள்ளை ‘மாயாபஜா’ரிலேயே இன்னொன்று இருக்கிறது, அதில் விளக்குக்கு வேலை குறைவு. கடோத்கஜன் வத்சலாவின் உருவம் எடுத்துக்கொண்டு மணப்பெண்ணாகப் போகிறான். உருமாறும் தந்திரம் கண நேரத்தில் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு செட், உடை, ஒளி எல்லாம் பழையபடியே. மாறியாக வேண்டியது சாவித்திரி மட்டும். அவர் மாறுகிறார். ஒரு கணம் வெட்கப்படும் மணமகள். யாரும் பார்க்காத அடுத்த கணம் தோள் விரிகிறது, புருவம் ஏறுகிறது, ராட்சசனின் திமிர் நடையில் வந்து இறங்குகிறது. யாரோ திரும்பினால் மறுபடியும் தலை குனிகிறது. மணமேடையில் தங்கவேலுவின் லட்சுமணகுமாரன் படும் பாட்டுக்கு அரங்கம் சிரிக்கும்போது நான் சாவித்திரியின் கண்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். சிரிக்காமல் சிரிப்பது எப்படி என்பது அங்கே இருக்கிறது. ரங்காராவின் கடோத்கஜனை அவர் எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்க வேண்டும் என்று வியப்பாக இருக்கும். தலை சாய்க்கும் விதம்கூட ரங்காராவுடையது. முதலில் ரங்காராவ் வரும் காட்சிகளைப் பார்த்துவிட்டு, உடனே இந்தக் கல்யாணக் காட்சிக்கு வாருங்கள். எந்த அசைவை யார் யாரிடமிருந்து எடுத்தார் என்று கண்டுபிடிக்க ஒரு மாலைப் பொழுது முழுவதும் போதாது.